பழைய வண்டியின் மேல் ஒரு பழி

அவளுக்குக் கொசு அக்கா என்று பெயர் வைத்தது ஒரு நான்கு வயதுக் குழந்தை. தாத்தாவின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, “அம்மா, கொசு அக்கா வந்திருக்கு” என்று உள்ளே ஓடிச் சொன்னது. அந்த வீட்டோடு நின்றிருக்க வேண்டிய பெயர், அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடம் வரைக்கும் பறந்து வந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. “கொசுவை அடிப்பாங்க. என்னைக் கூப்பிட்டு வச்சு, காசும் கொடுத்து, கடிக்கச் சொல்றாங்க. நான் ஒசத்திதானே” என்பாள்.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவந்து கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது என்பதால் பொழுது விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்களுக்கு நல்ல குணம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நேரத்துக்குப் போவதும், முதல் குத்திலேயே நரம்பைப் பிடிப்பதும்தான் அவள் பேரைக் காப்பாற்றின.

எடுத்த ரத்தம் எல்லாம் வண்டியின் பின்னால் கொக்கி போட்டுக் கட்டிய நீலப் பெட்டிக்குள், ஐஸ் பைகளுக்கு நடுவே இருக்கும். அந்தப் பெட்டியை எந்த வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது என்பது கூடத்தின் விதி. முன்பு ஒரு வீட்டு அம்மா, அடுத்தவர்களின் ரத்தம் தன் சோபா பக்கத்தில் இருந்ததைப் பார்த்துத் தலைசுற்றி விழுந்து, பிறகு புகாரும் எழுதிவிட்டார். அன்று முதல் பெட்டி வண்டியோடு தெருவில் நிற்கும். சின்னத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ரத்தம் எடுப்பவர்கள் மாடி ஏறுவார்கள்.

வண்டிக்கு அவள் வைத்திருந்த பெயர் பெரியவர். இரண்டு கை மாறி அவளிடம் வந்த மோட்டார் சைக்கிள். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், முழு விலையையும் ஒரே தடவையில் எண்ணிக் கொடுத்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் செயினுக்கு எண்ணெய் விடுவாள். தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ்ஷால் ஸ்பார்க் பிளக்கைத் தேய்ப்பாள். கிளட்ச் கேபிள் ஒன்று எப்போதும் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருப்பாள். பெரியவர் ஓசியில் ஓடினார் என்று சொன்னால் பொய். மாதத்தில் ஒரு அரை நாளை மெக்கானிக் கடையின் ஸ்டூலில் கழிக்க வேண்டியிருந்தது. மழை நாளில் இருமுவார். செல்ப் ஸ்டார்ட் கிடையாது. உதைத்து உதைத்து அவளுடைய வலது முழங்கால் போய்விட்டது. படி இறங்கும்போது அவள் முகம் சுளிப்பதைப் பார்த்து, கல்லூரியில் படிக்கும் மகள் புது வண்டி வாங்கச் சொல்லுவாள். அந்தக் கல்லூரிக்குப் பணம் கட்ட முடிவதே பெரியவருக்குத் தவணை இல்லாததால்தான் என்பதை அவள் மகளிடம் சொல்வதில்லை. கிடங்கில் மூட்டை எண்ணும் கணவருக்கு அது தெரியும். அதனால் அவர் புது வண்டிப் பேச்சையே எடுப்பதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்துப் புது விதியைப் படித்தார். ஐந்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியில் இனி யாரும் வீடுகளுக்குப் போகக் கூடாது. மாதக் கடைசி வரை அவகாசம். புது வண்டி இல்லாதவர்களுக்கு நிர்வாகமே ஒரு பைனான்ஸ் கம்பெனியோடு பேசி ஏற்பாடு செய்திருக்கிறது, முன்பணம் வேண்டாம், நான்கு வருடத்துக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நடுவில் வேலையை விட்டால் மிச்சம் முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும்.

வேலைக்கு வண்டி வேண்டும் என்று கேட்பதில் நியாயம் உண்டு. வேலை யாருடையதோ அவர் வண்டி வாங்கித் தரலாம். இங்கே வண்டியை வாங்குகிறவள் தொழிலாளி, பெட்ரோல் போடுகிறவள் தொழிலாளி, கீழே விழுந்தால் கட்டுப் போட்டுக்கொள்கிறவளும் அவள்தான்; முதலாளிக்குக் கிடைப்பது நான்கு வருடத்துக்கு வாயைத் திறக்காத ஓர் ஆள். கால் விலங்குக்கு வண்ணம் அடித்து, நம்பர் பலகை மாட்டி, மாதாமாதம் அதற்கு வாடகையும் வாங்கும் சாமர்த்தியத்தை அன்று அங்கே இருந்தவர்களில் யாரும் உரக்கச் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். மேனேஜரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

அதுவரை தினமும் காலையில், முதல் வீட்டு வாசலில் வண்டியையும் பெட்டியையும் சேர்த்துப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்றும் உத்தரவு. அவள் முதல் நாள் பெரியவரைப் படம் எடுத்துப் போட்டாள். மேனேஜர் அதற்குக் கீழே, “மியூசியத்துல எடுத்ததா?” என்று எழுதினார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. அடுத்த தெருவில் ஊசி குத்திக்கொண்டிருந்த ஒட்டகம் என்கிற நெட்டைக்காரன்கூட ஒன்றைப் போட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பி துணிக்கடையில் விற்பனையாளன். ஒரு வருடத்துக்கு முன் அவன் வாங்கிய கறுப்பு மோட்டார் சைக்கிள் அந்தத் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது. கூட்டினால் ஒன்பது வரும் நம்பர் வேண்டும் என்று தனியாகப் பணம் கட்டி வாங்கினான். ஒன்பது காப்பாற்றும் என்று ஜோசியர் சொன்னாராம். எதிலிருந்து காப்பாற்றும் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாளாக வண்டி வாசலில் நின்றது, அவன் பஸ்ஸில் போய்வந்தான். ஊரெல்லாம் டிராபிக், பஸ்தான் நிம்மதி என்று காரணம் சொன்னான்.

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டதும் அவன் சாவியை எடுத்துக் கையில் வைத்தான். “தினம் எடுத்துக்கோக்கா. காலையில சீக்கிரமே வந்து எடுத்துட்டுப் போ. மத்தியானம் வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்” என்றான். அவன் மனைவி, பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க், அக்கா தம்பி பாசத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய் இரண்டு தோசை அதிகம் போட்டாள்.

செல்ப் ஸ்டார்ட்டின் சுகத்தை முழங்கால் உடனே புரிந்துகொண்டது. பொத்தானை அமுக்கினால் போதும். இரண்டு வாரம் கறுப்பு வண்டியின் படம் குழுவில் வந்தது. மேனேஜர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பெரியவர் வீட்டுச் சந்தில் சாக்கு போர்த்தி நின்றார். ஓர் இரவு சாப்பிடும்போது, நாமும் ஒன்று எடுத்துவிட்டால் என்ன என்று கணவரிடம் கேட்டும்விட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எடுக்கலாம். கட்டறதுதான் யாருன்னு தெரியல” என்றார்.

மூன்றாவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. அன்று அவள் இரண்டாவதாகப் போனது ஒரு பழைய பஸ் கண்டக்டரின் வீடு. சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். இடது கையை அதற்கென்று விட்டாயிற்று. அதில் வேறு யாரும் ஊசி போடக் கூடாது. வலது கையில் குத்தாத இடம் கொஞ்சம்தான் மிச்சம். “சில்லறை தீர்ந்துபோன பை மாதிரி ஆயிடுச்சும்மா என் கை. தேடித்தான் எடுக்கணும்” என்று சிரிப்பார். அன்று அவருக்குப் பொட்டாசியம் பார்க்க வேண்டும். புறங்கையில் ஒரு மெல்லிய நரம்பு அகப்பட்டது. குழாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடைசி வீடு மூன்றாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. அவள் தட்டோடு இறங்கி வந்தபோது வண்டியைக் காணோம். நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. புது வண்டி ஒழுகுமா?

காவல்காரர் சாவதானமாகச் சொன்னார். “ரெண்டு பேர் வந்தாங்கம்மா. பைனான்ஸ்காரங்க. காகிதம் காட்டினாங்க, கையில இன்னொரு சாவி வச்சிருந்தாங்க. ஓட்டிட்டுப் போயிட்டாங்க.”

“பெட்டி?”

“பெட்டியோடதான்.”

தம்பிக்குப் போன் செய்தாள். வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னதும், யார், எங்கே, எப்படி என்று அவன் எதையும் கேட்கவில்லை.  துணிக்கடைப் பாட்டுக்கு நடுவே மெதுவாக, “அங்கேயும் வந்துட்டாங்களா?” என்றான்.

அந்த ‘அங்கேயும்’ போதுமானதாக இருந்தது. நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை, மனைவிக்குத் தெரியாது. பெட்ரோலுக்குக் காசில்லாமல்தான் பஸ். வசூல்காரர்கள் காலை வேளையில் வீட்டுக்கு வருவார்கள் என்பதால்தான் காலை வேளையில் வண்டி அக்காவிடம் இருந்தது. பாசத்தையும் பதுங்குகுழியாகப் பயன்படுத்த அவனுக்குக் கற்றுக்கொடுத்தது எது என்று கேட்டால், அவன் குணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். வண்டிக் கடையில் புன்னகையோடு கையெழுத்து வாங்கியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ச் சாக்கை இழுத்துப் போட்டாள். பெரியவர் மூன்று உதைக்கு மசியவில்லை. இரண்டு வாரக் கோபம் இருக்கும். நான்காவது உதையில் முழங்காலுக்குள் ஏதோ நறுக்கென்றது, எஞ்சினும் எழுந்தது.

தம்பி வழி சொன்ன பைனான்ஸ்காரர்களின் கிடங்கு ஊருக்கு வெளியே, தகரச் சுவர் போட்ட ஒரு மைதானம். உள்ளே வரிசை வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் வெயிலில் நின்றன. ஒன்றின் முன்னால் குழந்தை உட்காரும் சின்ன இருக்கை அப்படியே இருந்தது. ஒன்றின் கைப்பிடியில் சாப்பாட்டுப் பை தொங்கியது. மீன் கூடை கட்டிய வண்டி, மகள் பெயரை எழுதிய வண்டி, இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டோடு ஒரு வண்டி. கூட்டினால் ஒன்பது வரும் நம்பர்கள் அந்த மைதானத்தில் நிறையவே இருந்தன. இந்த வண்டிகளை ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, குறைகிற பணத்தை வண்டியைப் பறிகொடுத்தவனிடமே வசூலிப்பார்கள். ஒருவன் ஒரே பொருளை இரண்டு முறை இழக்க முடியும் என்பதை மனிதகுலம் இங்கேதான் கண்டுபிடித்தது.

வண்டியோடு வந்த பொருளை மேலிடத்து உத்தரவு இல்லாமல் தர முடியாது என்றார் வாசலில் இருந்தவர்.

“சரி, உள்ள என்ன இருக்குன்னு எழுதிக்கிட்டு, பத்திரமா வச்சிருங்க. ஆறு பேரோட ரத்தம்.”

“என்னது?”

“ரத்தம். ஒருத்தருக்கு மஞ்சள் காமாலைன்னு சந்தேகம். மூடி கொஞ்சம் லூசு. பார்த்துத் தூக்குங்க.”

மூடி லூசு என்பது மட்டும் பொய். பெட்டி உடனே வெளியே வந்தது. அதைத் தூக்கிவந்தவன் காலையில் வண்டியை ஓட்டிப்போனவர்களில் ஒருவன். பெட்டியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு, “தப்பா நினைக்காதீங்கக்கா. என் வண்டியும் டியூலதான் ஓடுது” என்றான்.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் பைகள் வெந்நீர்ப் பை போல் ஆகியிருந்தன. மற்றவை ஒருவாறு தேறும். கண்டக்டரின் குழாயில் மட்டும், மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் நீர் சிவந்து கிடந்தது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணும். உடம்பில் இல்லாத ஆபத்து காகிதத்தில் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குத் துரத்தும். இருக்கிற ஆபத்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமலும் போகும். மறுபடி எடுத்தே ஆக வேண்டும். ஏன் மறுபடி என்று கூடத்தில் காரணமும் சொல்லியாக வேண்டும்.

கூடத்தின் வாசலில் தம்பி நின்றிருந்தான். கடையில் பர்மிஷன் போட்டு ஓடிவந்திருக்கிறான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அக்கா, உன் பழைய வண்டி வழியில நின்னுடுச்சுன்னு சொல்லிடுக்கா. அந்த ஒட்டகத்தோட பொண்டாட்டியும் என் வீட்டுக்காரியும் ஒரே ஸ்கூல். சாயங்காலத்துக்குள்ள அவ காதுக்குப் போயிடும்.”

“நின்னுடுச்சுன்னு சொன்னா நான் கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடணும்டா.”

“எல்லாரும் போடறாங்க. நீ மட்டும் என்ன...” என்று ஆரம்பித்தவன், என்ன சொல்ல வந்தோம் என்பது தனக்கே கேட்டதுபோல் நிறுத்திக்கொண்டான்.

உள்ளே அவள் நுழைந்ததும், பொய்யைத் தேடிப்போக வேண்டிய தேவையே இருக்கவில்லை; மேனேஜர் அதைத் தட்டில் வைத்து நீட்டினார். வாசலில் நின்ற பெரியவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி, “படம் பிடிக்க ஒரு வண்டி, ஓட்ட ஒரு வண்டியா? பழசு வழியில நின்னுடுச்சு. அதானே? நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். தலையை ஆட்டினால் போதும். தம்பியின் மானம் தப்பும். அவளுடைய படப் பித்தலாட்டமும் பாதியோடு முடியும். வாய் இல்லாத ஓர் இயந்திரத்தின் மேல் பழி போகும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பழி இயந்திரத்தோடு நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவள் சம்பளத்துக்குள் நுழையும், மகளின் கல்லூரிக்குள் நுழையும். நாளைக்கு ஒட்டகத்தையும் மற்றவர்களையும் நிற்க வைத்து, பாருங்கள், கொசுவின் பழைய வண்டியால் ஒரு நோயாளிக்கு இரண்டு முறை ஊசி என்று இதே மேனேஜர் உதாரணம் காட்டுவார். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு இரண்டு சக்கரம் இருந்தது.

“இல்ல சார். நின்னது பழசு இல்ல. புதுசைத்தான் தூக்கிட்டுப் போயிட்டாங்க, தவணை கட்டலைன்னு. என் தம்பி வண்டி. பெட்டியும் அதோட போயிடுச்சு. பழசுல போய்த்தான் மீட்டுட்டு வந்தேன். படத்துக்காக இரவல் வாங்கினது என் தப்பு. கண்டக்டர் ஐயாவுக்கு மறுபடி எடுக்கணும். அதுக்கும் நான்தான் காரணம்.”

 மேனேஜர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். ஒட்டகம் தொண்டையைச் செருமினான். “சார், சொல்லிடறேன். நான் படம் எடுக்கறது பக்கத்து வீட்டுக்காரர் வண்டி. அவர் குளிக்கப் போற நேரத்துல எடுத்துக்குவேன்.” யாரோ சிரித்தார்கள். மூலையில் இருந்த ஒருத்தி, தான் எடுப்பது எதிர் வீட்டு வாடகைக்காரருடையது என்றாள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட இரண்டு பேர் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார்கள்.

பொய்ப் படம் போட்டதற்கு அவளுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். சம்பளம் பிடித்தது சரிதான் என்று அவளே சொன்னாள். “பிரேக் பிடிக்குதான்னு பாருங்க, டயர் தேஞ்சிருக்கான்னு பாருங்க, மாசாமாசம் பாருங்க சார். வயசைப் பார்க்காதீங்க. கையெழுத்து நான் போடமாட்டேன்” என்றும் சொன்னாள். மாதக் கடைசி வந்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. பசியோடு வாசலைப் பார்த்திருக்கும் மனிதர்களை ஒரு காலையில்கூடக் காக்க வைக்க நிர்வாகத்துக்குத் துணிவில்லை. விதி ரத்தாகவில்லை, விரும்பத்தக்கது என்ற சொல்லை மட்டும் நடுவில் செருகினார்கள். அநியாயம் பின்வாங்கும்போதுகூட ராஜினாமா செய்வதில்லை, விடுப்பில்தான் போகிறது.

அதெல்லாம் பின்னால். மறுநாள் காலையில் அவள் சந்தில் பெரியவரின் பக்கத்தில் நின்றாள். முழங்கால் வீங்கியிருந்தது, எந்தக் காலால் உதைப்பது என்று யோசித்தாள். தெருமுனையிலிருந்து தம்பி நடந்து வந்தான். கண் சிவந்திருந்தது. அவன் மனைவி விஷயத்தை ஒட்டகத்தின் மனைவி மூலமாகக் கேட்கவில்லை. அவனே முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறான்.  வண்டியை வாங்கி ஓங்கி ஓர் உதை விட்டான். முதல் உதையிலேயே கிளம்பியது.

“என்கிட்ட மட்டும் வீம்பு பண்ணுதுடா” என்றாள்.

“பஸ் ஸ்டாப்புல இறக்கிவிட்டுடு” என்று பின்னால் ஏறினான். நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

மறுபடி எடுக்க வேண்டும் என்று போனில் கேட்டிருந்த கண்டக்டர் கதவைத் திறந்ததும், “டிக்கெட் எடுத்தாச்சு, ஸ்டேஜ் தாண்டி இறக்கிவிட்டுட்டே போல” என்றார். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வலது கையை மேசைமேல் நீட்டினார். நேற்றுக் குத்திய இடம் நீலமாகியிருந்தது. அதற்குக் கீழே, கட்டைவிரல் ஓரமாக, தடவித் தடவி ஒரு நரம்பைக் கண்டுபிடித்தாள். ஒரே குத்து.

குழாயை வைக்கக் குனிந்தபோதுதான், அவள் காலடியில் பெட்டி இருப்பதை அவர் பார்த்தார்.

“இதை உள்ள கொண்டுவரக் கூடாதே?”

“கூடாதுதான். உங்களுக்கு அருவருப்பா இருந்தா வெளியில வச்சிடறேன், ஐயா.”

அவர் எட்டி உள்ளே பார்த்தார். அவருக்கு முன்னால் எடுத்திருந்தவர்களின் குழாய்கள் வரிசையாக நின்றன.

“நமக்கு முன்னாடியே ஏறினவங்களா? இருக்கட்டும்” என்றார். “கொஞ்சம் நகரச் சொல்லு. நானும் நிக்கணும்.”